காட்டின் கரிக் கணக்கு: வரவு மெதுவாக, செலவு வேகமாக

மரம் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு பிராணவாயுவை விடுகிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் சொல்லிவிடும். உறிஞ்சிய கரி எங்கே போய்த் தங்குகிறது, எத்தனை காலம் தங்குகிறது, எப்போது மறுபடி காற்றுக்குத் திரும்புகிறது என்று கேட்டால் பெரியவர்களும் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

விவசாயிக்கு இது எதற்கு என்று தோன்றலாம். வரப்பில் மரம் வையுங்கள், அது சேர்க்கும் கரிக்குப் பணம் தருகிறோம் என்று ஒப்பந்தத் தாளோடு ஆட்கள் கிராமங்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். பவானியிலும் தாமிரபரணியிலும் ஓடும் தண்ணீர் மலைக்காட்டிலிருந்து இறங்கி வருகிறது. மண் வள அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டி யூரியா எத்தனை மூட்டை என்ற வரிக்குப் போய்விடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்குத்தான்.

ஒரு டன் மரத்தில் என்ன இருக்கிறது?

ஒரு டன் எடையுள்ள பச்சை மரத்தை வெட்டிப் போட்டால் அதில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். காய்ந்தபின் நிற்பது 500 கிலோ. அதில் மறுபடி பாதி, அதாவது சுமார் 250 கிலோ, கரி. இந்தக் கரி அவ்வளவும் வேர் வழியாக வந்ததல்ல. இலை வழியாகக் காற்றிலிருந்து பிடித்தது. ஒரு கிலோ கரி சேர வேண்டுமானால் மரம் மூன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயுவை எடுத்திருக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு டன் மரம் தன் ஆயுளில் சுமார் 900 கிலோ கரியமில வாயுவைக் கட்டிப் போட்டிருக்கிறது. அதே மரத்தைச் சூளையில் வைத்து எரித்தால் 900 கிலோவும் ஒரே நாளில் மேலே போய்விடும். சேர்த்தது பதினைந்து இருபது ஆண்டு. செலவழிந்தது ஒரு பொழுது.

காட்டிலும் இந்த வரவு செலவு ஓயாமல் நடக்கிறது. பகலில் இலை பிடித்த கரியில் ஒரு பெரும் பங்கை மரமே தன் சுவாசத்துக்குச் செலவழித்துவிடுகிறது. மிச்சம் தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் ஆகிறது. இலை உதிர்கிறது, கிளை முறிகிறது, சிறு வேர்கள் ஆண்டுதோறும் செத்துப் புதிதாக முளைக்கின்றன. விழுந்ததைக் கறையானும் பூஞ்சையும் தின்கின்றன. தின்றது அவற்றின் மூச்சாக வெளியேறுகிறது. தின்று முடியாத ஒரு சிறு பங்கு மட்டும் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு மக்காக நின்றுவிடுகிறது. அந்தச் சிறு பங்கு நூற்றாண்டுக் கணக்கில் சேரும்போது பெருந்தொகையாகிறது. உலக உணவு விவசாய நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி உலகக் காடுகளிலுள்ள கரியில் 44 சதவீதம் உயிருள்ள மரங்களிலும், 45 சதவீதம் மண்ணிலும் இருக்கிறது. மற்றது சருகும் பட்ட மரமும். நம் நாட்டுக் காடுகளில் மண்ணின் பங்கு இன்னும் கூடுதல். பாதிக்கும் மேல் மண்ணுக்குள்தான் என்று இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள் சொல்லுகின்றன.

அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறவர்கள் காலுக்கடியில் இருக்கும் பாதியை மறந்துவிடுகிறார்கள். காட்டைப் பற்றிய பல தவறான திட்டங்களுக்கு இந்த மறதியே காரணம் என்பது என் எண்ணம்.

சாண்டிநல்லாவின் கறுப்பு மண்

உதகமண்டலத்துக்கு அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் சதுப்பு நிலங்கள் உண்டு. மலைச்சரிவிலிருந்து கசியும் நீர் அங்கே தேங்குகிறது. நீர் நின்ற மண்ணில் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் மட்கும் வேலை மிக மெதுவாக நடக்கும். அதனால் செத்த புல்லும் இலையும் முழுவதும் மட்காமல் அடுக்கின்மேல் அடுக்காகக் கறுப்பு மண்ணாகப் படிந்துவிட்டன. ஆழத்திலுள்ள படிவத்தின் வயது 20,000 ஆண்டுகளுக்கும் மேல்.

இந்தப் படிவத்தை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் அவரோடு சேர்ந்த விஞ்ஞானிகளும் 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரியில் எடை சற்றுக் குறைந்தது, சற்றுக் கூடியது என்று இரண்டு வகை உண்டு. சோளம், கரும்பு, வறட்சியைத் தாங்கும் வெப்பநாட்டுப் புற்கள் ஆகியவை ஒரு விகிதத்தில் இவ்விரண்டையும் எடுத்துக்கொள்ளும். நெல்லும் மரங்களும் ஈரம் நாடும் செடிகளும் வேறு விகிதத்தில் எடுக்கும். ஆகவே ஓர் அடுக்கிலுள்ள கரியின் விகிதத்தைப் பார்த்தால் அந்தக் காலத்தில் அங்கே எது வளர்ந்தது என்று தெரிந்துவிடும். பனி யுகம் உச்சத்திலிருந்த காலத்தில், இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், மழை குறைந்து வறட்சிப் புல் ஓங்கியிருக்கிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது மரமும் ஈரச் செடிகளும் பெருகியிருக்கின்றன. தட்பவெப்பம் மாறியபோதெல்லாம் நீலகிரியில் புல்லும் சோலையும் ஒன்றையொன்று தள்ளி இடம் மாறியிருக்கின்றன என்பது இதனால் தெரிகிறது. மரமில்லாத மேட்டுப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்த பொட்டல் என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பலர் நினைத்து வந்தார்கள். சேறு வேறு விதமாகச் சொல்லுகிறது: மனிதன் ஏர் பிடிக்கும் முன்பே அங்கே புல் இருந்தது.

அந்தப் புல்லின் கரி பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே தீப்பட்டாலும் அடியில் வேரும் மக்கும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். அடுத்த மழைக்குப் புல் துளிர்த்துவிடும்.

அந்தப் புல்வெளியில்தான் கற்பூர மரமும், வாட்டில் என்னும் சீகை மரமும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயான் செய்ய மரக்கூழ் வேண்டும், விறகு வேண்டும் என்ற காரணங்கள் அன்றைக்கு நியாயமாகவே தோன்றின. வாட்டில் விதை பிறகு தானாகவே பரவியது. பழனி மலையின் மேட்டுப் புல்வெளியில் நாற்பது ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018இல் காட்டியது.

மரம் வந்தால் கரி கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். மேலே கூடும், உண்மை. ஆனால் கூடிய கரி தீக்கும் கோடரிக்கும் எட்டும் உயரத்தில் நிற்கிறது. அதற்குக் கொடுத்த விலை தண்ணீர். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை உதகமண்டலத்திலுள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் ஒரு பகுதியில் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டுப் பருவத்திலேயே மரம் வைத்த பக்கத்திலிருந்து வழிந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மலையில் குறையும் தண்ணீர் கீழே யாருடைய வாய்க்காலில் குறையும் என்று சமவெளி விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்நிய மரங்களை அகற்றி மண்ணுக்குரிய காட்டையும் புல்லையும் மீட்பதற்குத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது.

சதுப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வடிகால் வெட்டி உருளைக்கிழங்கோ காரட்டோ போட்டால் மண்ணில் காற்றுப் புகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் கிடந்தது மட்கத் தொடங்கும். முதல் சில ஆண்டு மகசூல் பிரமாதமாக இருக்கும். சேமிப்பை எடுத்துச் சாப்பிடுவதால் வரும் செழிப்பு அது. முத்துப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காடுகளின் சேற்றிலும் இதே முறையில்தான் கரி சேர்ந்திருக்கிறது. 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா புயலில் முத்துப்பேட்டைக் காட்டு மரங்கள் பெரிதும் அழிந்தன. மரம் விழுந்தாலும் சேறு கலையாமல், நீரோட்டம் தடைப்படாமல் இருந்தால் அடியிலுள்ள இருப்பு காப்பாற்றப்படும். காடும் மறுபடி எழும்.

வெப்பம் ஏறினால் கணக்கு என்ன ஆகும்?

தொழிற்சாலை யுகம் தொடங்குவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவில் 1958இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. காற்றில் கரி மிகுந்தால் பயிரும் மரமும் வேகமாக வளருமே என்பார்கள். ஓரளவு வளர்கின்றன. ஆனால் தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டு மணிச்சத்தும் தண்ணீரும் கொடுக்காத வயலில் எவ்வளவு விளையும் என்பது நமக்குத் தெரியும். காட்டுக்கும் அதே விதிதான். கரி எவ்வளவு கிடைத்தாலும் ஈரமும் மற்றச் சத்துகளும் இல்லாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

செலவுப் பக்கமோ வெப்பத்தோடு தானாக ஏறுகிறது. ஈரம் இருக்கும் மண்ணில் வெப்பம் 10 டிகிரி கூடினால் மட்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரவு சூடாக இருந்தால் மரத்தின் சுவாசச் செலவும் கூடும். வறட்சி வந்தால் மரம் நீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடியபின் கரி உள்ளே வர வழியில்லை. வறட்சி நீண்டால் மரமே பட்டுப்போகும். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு கொங்குப் பகுதியில் முப்பது நாற்பது வயதுத் தென்னைகள் கொண்டை சாய்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கிணறும் லாரித் தண்ணீரும் உள்ள தோப்பிலேயே அந்த நிலை என்றால், ஊற்ற ஆளில்லாத காட்டில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பூச்சியும் இந்தக் கணக்கில் சேரும். கனடாவின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பைன் மரப் பட்டைக்குள் துளைக்கும் ஒரு வண்டு உண்டு. கடுங்குளிர் அதன் புழுக்களைக் கொன்று ஆண்டுதோறும் கட்டுக்குள் வைத்திருந்தது. குளிர் தணிந்ததும் வண்டு பெருகிப் பல லட்சம் ஏக்கர் மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. கரியைச் சேர்த்துக்கொண்டிருந்த அந்தக் காடு கரியை வெளிவிடும் காடாக மாறிவிட்டது என்று வெர்னர் குர்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் 2008இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே கனடாவில் 2023 கோடையில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. அந்த ஒரு கோடையின் புகையில் போன கரி, சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள் நீங்கலாக வேறெந்த நாடும் ஓராண்டு முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுவதைவிட அதிகம். அமேசான் காட்டின் மேலே 2010 முதல் 2018 வரை சிறு விமானங்களில் பறந்து காற்றைச் சீசாக்களில் பிடித்து அளந்தார் பிரேசில் நாட்டு விஞ்ஞானி லூசியானா காட்டி. காடு வெட்டுண்டு கோடை நீண்டுபோன தென்கிழக்குப் பகுதி, தான் எடுப்பதைவிட அதிகமாகக் கரியை வெளியே விடுகிறது என்று 2021இல் அவர் குழு அறிவித்தது.

சருகு நெருப்பும் பெருந்தீயும்

நம் மலையடிவாரத்துக்கு வருவோம். முதுமலையில் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988இல் 50 ஹெக்டேர் காட்டைக் குறித்துக்கொண்டு, விரல் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து அளந்து வருகிறார்கள். அங்கே தெரிந்த முக்கியமான சங்கதி: தரையோடு ஓடும் தீ பெரிய மரத்தைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அது கொல்லுவது கன்றுகளையும் மெல்லிய தண்டுகளையும். ஒரு தீயில் மேலோட்டமாக இழப்புத் தெரியாது. அடிக்கடி வந்தால் பெரிய மரம் விழும்போது அந்த இடத்தைப் பிடிக்க இளமரம் இருக்காது.

இதற்கு மேல் உண்ணிச்செடி வந்து சேர்ந்திருக்கிறது. அழகுச் செடியாகக் கொண்டுவந்தது இன்று புதராக மண்டி ஆளுயரம் நிற்கிறது. கோடையில் காய்ந்த உண்ணிப் புதர் தரைத்தீயைக் கிளைக்கு ஏற்றும் ஏணியாகிவிடுகிறது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் முன்பு கோடையின் தொடக்கத்திலேயே, சருகில் ஈரம் மிச்சமிருக்கும்போது, சிறு சருகு நெருப்பு வைத்துவிடுவார்கள். அந்த வழக்கம் தடைப்பட்ட பிறகே உண்ணி இவ்வளவு மண்டியது என்று அவர்கள் சொல்லுவதை ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். சட்டப்படி இன்று காட்டில் நெருப்பு வைப்பது குற்றம். யாரும் தாமாகச் செய்யக் கூடாது. ஆனால் அந்த மக்களின் அனுபவத்தை வனத்துறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மாசி பங்குனியில் வைக்கும் நெருப்பு வேறு சாதி. புல் துளிர்க்கட்டும் என்று ஆடு மாடு மேய்ப்பவர் வைப்பதும், வரப்புப் புல்லையும் கரும்புத் தோகையையும் கொளுத்தும்போது காற்றில் பறந்து போவதும் பிறகு யார் கைக்கும் அடங்குவதில்லை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11இல் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள் தை மாதத்துக்குள்ளேயே எல்லையில் பத்தடி அகலத்துக்குச் சருகையும் புல்லையும் செதுக்கிவிடுவது நல்லது. செதுக்கிய சருகை எருக்குழியில் போடலாம், கொளுத்த வேண்டியதில்லை.

நம் நிலத்தில்

மரம் வளர்ப்பில் இறங்கும் விவசாயி, வெட்டிய பிறகு மரம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டில் வெட்டும் சவுக்கு காகித ஆலைக்குப் போனால் அதன் கரி சில ஆண்டுகளில் குப்பையாகவும் புகையாகவும் திரும்பிவிடும். இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலைக் கரிமூட்டம் போட்டு விற்பதில் பாதிக் கரி மூட்டத்திலேயே போய், மீதி அடுப்பில் போகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மானாவாரிக் குடும்பத்துக்கு அது சோறு. மறுபடி தழைக்கிற மரத்தை எரிப்பது நிலக்கரியை எரிப்பதைவிட மேல்தான். ஆனால் வேம்பும் தேக்கும் பலாவும் நிலைக்கதவாகவும் உத்தரமாகவும் ஆனால் அந்தக் கரி பேரன் காலம் வரை வீட்டில் இருக்கும்.

இனி ஒப்பந்தத் தாள். 2023இல் மத்திய அரசு கரி வரவு வாணிபத்துக்கு ஒரு திட்டத்தை அறிவித்தது. 2024 ஜனவரியில் வேளாண் அமைச்சகம் விவசாயத்துக்கென்று ஒரு வழிகாட்டு முறையை வெளியிட்டது. ஆகவே இதெல்லாம் வெறும் புரளி என்று தள்ளிவிட வேண்டாம். கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். இவர்கள் விலை பேசுவது ஒரு டன் கரியமில வாயுவுக்கு. ஒரு டன் சேர, மேலே கண்ட கணக்குப்படி, ஒரு டன்னுக்கும் சற்றுக் கூடுதலான எடையுள்ள பச்சை மரம் உங்கள் வரப்பில் நிற்க வேண்டும். அதுவரை பணம் எந்த ஆண்டு, எந்தத் தவணையில் வரும் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டு மரத்தை வெட்டக் கூடாது? மகள் கல்யாணத்துக்கு இரண்டு மரம் வெட்டினால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டுமா? புயலிலோ தீயிலோ போனால் நஷ்டம் யாருடையது? அளக்கும் செலவு யார் தலையில்? தாள் தமிழில் இருக்கிறதா? பதில் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட அவசரமில்லை. அரசின் வேளாண்காட்டுத் திட்டத்தில் 2021-22 முதல் கன்று கொடுப்பதோடு, பிழைத்து நிற்கும் கன்றுக்கு ஊக்கத்தொகை என்று வைத்தது சரியான முறை. நட்ட கன்றை எண்ணிப் படம் பிடிப்பதைவிட மூன்றாம் ஆண்டில் நிற்பதை எண்ணுவதே கணக்கு. விவரத்தை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

இதைவிடப் பெரிய இருப்பு, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், உழுகிற மண்ணில் இருக்கிறது. ஓர் ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதம் என்றால் அந்த ஏக்கரில் நாலரை டன் கரி இருக்கிறது. 0.5க்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் போனால் நிறைவு. இதைக் கால் சதவீதம் ஏற்றப் பல ஆண்டு தொழு உரமும், தக்கைப்பூண்டும் சணப்பையும் மடக்கி உழுவதும், தோகையையும் தாளையும் எரிக்காமல் பரப்புவதும் வேண்டியிருக்கும். நம்முடைய வெப்பத்தில் போட்டது சீக்கிரம் கரைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். ஒரு வருஷம் நூறு வண்டி எரு அடித்துவிட்டுப் பத்து வருஷம் சும்மா இருந்தால் நிற்காது. கோடையில் வெறும் மண்ணை வெயிலில் திறந்து போட்டுத் திரும்பத் திரும்ப உழுவது, சதுப்பில் வடிகால் வெட்டுவதைப் போன்றதே.

மண் மாதிரி எடுப்பவர்கள் அறுவடை முடிந்து, எரு போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மரத்தடி ஆகியவற்றை விட்டுவிட்டு, ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மேல் சருகை விலக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரை அடிக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். நிழலில் உலர்த்தி, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோ ஆக்கித் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். மூன்று ஆண்டு கழித்து மறுபடி எடுக்கும்போது அதே வயலில், அதே பட்டத்தில் எடுங்கள். அப்போதுதான் கரிமம் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிட முடியும்.